சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம்

அமாவாசைக்கு மறுநாள் காலையில் கடைத்தெருப் பக்கம் நடக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேலி செய்வது வழக்கம். வண்டிகளுக்கு அடியில் வைத்து நசுக்கின எலுமிச்சம்பழம் தரையில் கிடந்தால் நான் மிதிக்காமல் சுற்றிப் போகிறேன். போன வாரம்கூட சின்னவன் கேட்டான்: "ஏம்ப்பா, டெய்லி ஜெபம் பண்றீங்க, ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் போய் பயப்படறீங்களே?"

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பயம் என்று ஒன்றும் இல்லை, அது வேறு கதை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் எழுதுவது, பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில், நீங்கள் பிறப்பதற்கு முன்னால், நான் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து உள்ளே போகிற மண் ரோட்டில் எங்கள் முதலாளியின் நிலம் இருந்தது. அவருடைய அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்ததாம். பிறகு நிலத்தில் பாதி மனை மனையாக விற்றுப்போய், மீதியில் கிணறு மட்டும் நின்றது. சுற்றிலும் மாடி வீடுகள் வந்தன. வந்த வீடுகளுக்குத் தண்ணீர் வரவில்லை. நெல்லுக்கு இறைத்த தண்ணீரை முதலாளி லாரியில் ஏற்றி விற்க ஆரம்பித்தார். இரண்டு லாரி இருந்தது. ஒன்றை நான் ஓட்டினேன், இன்னொன்றை என் வயசுள்ள வேறொரு டிரைவர் ஓட்டினான். கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஓடு போட்ட அறைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒரு அறையை எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் முதலாளி கொடுத்திருந்தார். வேலை போனால் அறையும் போகும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது உங்களுக்குப் புரியும்.

முதலாளியை நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். கனத்த உடம்பு, கனத்த குரல். கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. வண்டியை எடுப்பதற்கு முன்னால் டிரைவர் இரும்புக் கம்பியால் சக்கரம் சக்கரமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். காற்று இருந்தால் ஒரு சத்தம் வரும், இறங்கியிருந்தால் வேறு சத்தம் வரும். ஒரு தடவை பின்னால் உள்சக்கரத்தில் காற்று இல்லாததைப் பார்க்காமல் ஒருவன் லோடு எடுத்துப்போய், ஏரிக்கரையில் வண்டியைச் சாய்த்துவிட்டானாம். "தட்டிப் பாக்காம எவனாவது வண்டிய எடுத்தீங்க, கைய ஒடிச்சிருவேன்" என்பார். சொன்னால் செய்வார் போலத்தான் இருக்கும்.

கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று பக்கம் கைப்பிடிச் சுவர் இருந்தது. குழாய் இறக்குவதற்காக நாலாவது பக்கச் சுவரை இடித்திருந்தார்கள். லாரியின் பின்பக்கம் அந்தத் திறந்த பக்கத்தைப் பார்த்து நின்றால்தான் தண்ணீர் ஏற்ற முடியும். வண்டி பின்னால் நகராமல் இருக்க, பின் சக்கரத்துக்கு அண்டையில் ஒரு பனங்கட்டையைப் போடுவோம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது யாராவது ஒருத்தர் பின்னால் நின்று "வா… வா… வா…" என்று குரல் கொடுக்க வேண்டும். போதும் என்றால் தொட்டியில் ஓங்கி ஒரு தட்டு. யாருக்குள்ளே சண்டையானாலும் அந்தக் குரலை மட்டும் யாரும் நிறுத்த மாட்டார்கள். பேசாதவன்கூட வந்து நின்று "வா" சொல்லுவான்.

ஒவ்வொரு அமாவாசைக்கும் விளக்கு வைக்கிற நேரத்தில் வண்டிக்குப் பூசை நடக்கும். முதலாளியின் வீட்டுக்காரம்மா, நாங்கள் அண்ணி என்போம், தட்டோடு வருவார்கள். சந்தனம், குங்குமம், கற்பூரம், பூசணிக்காய் எல்லாம் இருக்கும். கடைசியில் முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வண்டியை ஓட்டுகிற டிரைவரே ஏறி அதை நசுக்க வேண்டும். பல வருஷம் நானும் நசுக்கினேன். வேலையோடு வேலை. அதைப் பற்றி ஒன்றும் நினைத்ததில்லை.

செம்பாக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்ன சபைக்கு வாரம் ஒரு லோடு கொண்டுபோவேன். தொட்டி காலியாக அரை மணி நேரம் பிடிக்கும். அதுவரை லாரிப் படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே பாடுவது காதில் விழும், ஜெபிப்பது காதில் விழும். ஒரு நாள் போதகர் வெளியே வந்து டீயைக் கொடுத்துவிட்டு, "உங்களுக்காக என்ன ஜெபிக்கணும், தம்பி?" என்று கேட்டார். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் லோடு எப்போ வரும் என்றுதான் கேட்பார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அதற்கு முந்தின வருஷம் உங்கள் அம்மாவுக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அதைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், நடுரோட்டில், கையில் டீ கிளாஸோடு. அப்புறம் லோடு இல்லாத நாளிலும் போக ஆரம்பித்தேன். ஒரு வருஷம் கழித்து, தை மாசம், ஏரி நிறைந்திருந்தபோது ஞானஸ்நானம் எடுத்தேன்.

நான் ஏரியில் முழுகி எழுந்ததை, கரைமேல் லோடோடு போன மற்ற டிரைவர் பார்த்துவிட்டான். சாயங்காலம் மோட்டார் ரூம் பக்கம் எல்லோருக்கும் சேதி தெரிந்திருந்தது.

"இன்னா மச்சான், ஊருக்கே தண்ணி ஊத்தறவன் நீ. உனக்கே ஊத்திட்டாங்களாமே?"

"முக்கி எடுத்தாங்களா, இல்ல ஓஸ் பைப்ல அடிச்சாங்களா?" என்று இன்னொருத்தன்.

நானும் சிரித்தேன். அன்றையிலிருந்து என் பெயர் போய் 'அல்லேலூயா' வந்தது. "டேய் அல்லேலூயா, லோடு ரெடி" என்பார்கள். அது பரவாயில்லை. நான் வாயைத் திறந்து சொல்வதற்கு முன்னாலேயே அவர்கள் சொல்லிவிடுகிறார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

மாசி அமாவாசையன்று பூசை நேரத்தில் நான் வெளியே லோடு போயிருந்தேன். பங்குனி அமாவாசையன்று அங்கேயே இருந்தேன்.

அண்ணி பழம் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். "ஏறுடா, நேரமாவுது" என்றார் முதலாளி. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"அண்ணா, வண்டிய கழுவித் தொடச்சி வெச்சிருக்கேன். அண்ணி பொட்டு வெக்கறதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. பழத்து மேல மட்டும் என்னால ஏத்த முடியாது."

"ஏன், கால்ல இன்னா?"

"கால்ல ஒண்ணும் இல்ல அண்ணா. நான் என்னையே வேற ஒருத்தர் கையில குடுத்துட்டேன்."

"யார் கையில? வண்டியயும் சேத்தா குடுத்துட்ட?"

எல்லோரும் சிரித்தார்கள். "இயேசு கையில" என்றேன். சிரிப்பு நின்றுபோனது. அண்ணி கையில் கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது.

"பழம்தான மச்சான், பாம்பா கீது?" என்றான் மற்ற டிரைவர்.

முதலாளி கிட்டே வந்தார். குரலை உயர்த்தவில்லை. "உன் சாமிய நான் வேணான்னு சொன்னனா? எங்க வூட்டு பீரோல மாதா படம் கீது, வந்து பாரு. உன் சாமிக்கு நான் எடம் குடுத்தேன். என் சாமிக்கு நீ ஒரு பழம் குடுக்க மாட்டியா?"

இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்துப் பார்க்கிறேன். அவர் வம்புக்குக் கேட்கவில்லை, மனசு நொந்து கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "முடியாது அண்ணா" என்று மட்டும் சொன்னேன். மற்ற டிரைவர் ஏறி என் வண்டியைப் பழத்தின்மேல் ஏற்றினான்.

அந்த வாரமே கிணற்று மோட்டாரின் கம்பிச்சுருள் புகைந்து போனது. இரண்டு நாள் கழித்து சேலையூர் பக்கம் என் லாரியின் ஸ்பிரிங் பட்டை உடைந்தது. வண்டி சாய, தொட்டி மூடி திறந்துகொண்டு தண்ணீர் முழுக்க ரோட்டில் ஓடியது. பழைய மோட்டார், பழைய பட்டை. ஆனால் யார் கேட்பார்கள்? "சாமி குத்தம்" என்றார்கள். உண்மையைச் சொன்னால், அந்த ரோட்டில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கே ஒருவேளை அப்படித்தானோ என்று தோன்றியது. சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த பயம், ஏரியில் ஒரு முழுக்குப் போட்டதும் கரைந்துவிடுமா?

முதலாளி என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். வேறு ஒருவனைத் தினக்கூலிக்கு ஓட்ட வைத்தார். எனக்கு வேலை, கிணற்றடியில் நின்று தொட்டியில் ஓஸ் பிடிப்பது. என் வண்டியையே வேறொருத்தன் கொண்டுவந்து நிறுத்துவான், நான் மேலே ஏறி ஓஸைச் சொருக வேண்டும். "சித்திரை அமாவாசை வரைக்கும் பாப்பேன்" என்றார் முதலாளி. "நீயே பழத்து மேல ஏத்தினா வண்டி உன்னுது. இல்லன்னா ரூம் சாவிய அண்ணிகிட்ட குடுத்துட்டுப் போய்க்கினே இரு."

அந்த ஒரு மாசம் நெருப்பின் மேல் இருந்தது போல. ஒரு நாள் மத்தியானம் லாரிக்கடியில் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டேன். நெற்றியில் சில்லென்று ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தால் மற்ற டிரைவரும் தெருக்காரர் இரண்டு பேரும் குனிந்து நின்று சிரிக்கிறார்கள். தண்ணீரில் குழைத்த விபூதியை நெற்றி முழுக்கப் பூசியிருந்தான்.

"இப்பதான் மூஞ்சில களை வந்துகீது" என்றான்.

நான் துண்டை எடுத்தேன். நெற்றியைத் துடைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று என் சட்டைக் காலரைப் பிடித்தான். "எங்க சாமியவா தொடைக்கிற?" என்று தள்ளிவிட்டான். குழாய் மேல் போய் விழுந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. என் கையும் ஓங்கியது. ஓங்கவில்லை என்று எழுதினால் உங்களுக்குப் பொய் சொன்னவன் ஆவேன். எப்படி அந்தக் கை கீழே இறங்கியது என்று தெரியவில்லை. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு ஓஸைப் பிடித்தேன்.

வீட்டில் அதைவிடக் கஷ்டம். பெரியவளே, அப்போது நீ உங்கள் அம்மா வயிற்றில் ஏழு மாசம். அவள் அதுவரை சபைக்கு வந்ததில்லை. அடிக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் எல்லோரும் பிடித்து முடிக்கிற வரை அவளைக் காத்திருக்க வைப்பார்கள். "மொதல் ஒண்ணு போச்சு, இப்ப உன் புருஷன் சாமியோட சண்டை வலிக்கிறான், இதாவது நிக்கணுமேம்மா" என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். உங்கள் அம்மா குடத்தைப் பாதியோடு தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒரு பழம்தானே?" என்றாள். "கண்ண மூடிக்கினு ஏத்திட்டு வாங்க. வந்து மன்னிப்பு கேட்டுக்குங்க. உங்க இயேசு மன்னிக்கிறவர்தானே? அப்படித்தானே பாடறீங்க?"

"மன்னிப்பார்னு தெரிஞ்சுகினே செஞ்சா, அது அவர ஏமாத்தற மாதிரி இருக்கும்" என்று ஏதோ சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

போதகரிடம் போய்க் கேட்டேன். பழத்தில் ஏற்றினால் பாவமா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "பழம் வெறும் பழம்தான் தம்பி. ஆனா நீங்க ஏத்தினா, நீங்க திரும்பி வந்துட்டீங்கன்னுதான் அவங்க எடுத்துக்குவாங்க. அந்தப் பதிலைச் சக்கரத்தால சொல்லப் போறீங்களா, அத நீங்கதான் பாக்கணும்" என்றார். பிறகு இரண்டு பேரும் முட்டி போட்டோம். அவர்தான் ஜெபித்தார்.

சித்திரை அமாவாசை வந்தது. மத்தியானம் என் வண்டியை நிரப்பிவிட்டு நான் அறைக்குப் போய்விட்டேன். உங்கள் அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். பொழுது சாய்ந்து வானம் மங்கின நேரம், முதலாளி வீட்டிலிருந்து வேகமாக வந்தார்.

"டேய், நீயே வண்டிய எடு. தாம்பரம் ஆஸ்பத்திரில மோட்டார் நின்னுபோச்சாம். உள்ள ஆபரேசன், ஒரு சொட்டு தண்ணி இல்லையாம். இவன் வயித்த வலின்னு படுத்துக்கினு கீறான். தினக்கூலிக்காரன் ஆளக் காணோம்."

அது உங்கள் அம்மாவை நான் மாதாமாதம் காட்டிக்கொண்டிருந்த பிரசவ ஆஸ்பத்திரி.

"பூசை அண்ணா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் மத்தியானமே ஆச்சு. நீ எடு." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் வண்டி தண்ணீர் நிரப்பி, பின்பக்கம் கிணற்றைப் பார்த்து நின்றிருந்தது. சாவியைக் கையில் வாங்கினபோது வந்த சந்தோஷத்தில் ஓடிப்போய் ஏறியிருப்பேன். ஆனால் கை தானாகவே சீட்டுக்கடியிலிருந்த கம்பியை எடுத்தது. பின் சக்கரங்களைத் தட்டினேன். சரியாக இருந்தது. சுற்றி வந்து முன் சக்கரத்தைத் தட்டக் குனிந்தேன். கற்பூர வாசனை அடித்தது. டயரும் தரையும் சேர்கிற இடுக்கில் பேப்பர் சொருகியிருந்தது. கம்பி நுனியால் விலக்கினேன். குங்குமம் தடவின எலுமிச்சம்பழம். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஒன்று.

நிமிர்ந்தேன். மோட்டார் ரூம் சுவரில், வயிற்று வலி என்று படுத்திருந்ததாகச் சொன்ன மற்ற டிரைவர் பீடியோடு சாய்ந்து நிற்கிறான். அவனோடு தெருக்காரர்கள் நாலைந்து பேர். யாரும் சிரிக்கவில்லை. எல்லோர் கண்ணும் என் கைமேல் இருந்தது. எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. ஏறி ஓட்டினால், அல்லேலூயா பழத்தை நசுக்கிவிட்டான் என்று கைதட்டுவார்கள். எடுத்து வீசினால், சாமி பழத்தைத் தூக்கி எறிந்துவிட்டான் என்று அடிப்பார்கள். இரண்டுக்கும் தயாராக இருந்தார்கள். வண்டியை எடுக்காமல் நடந்துவிட்டால், ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் படுத்திருக்கிற ஒருத்திக்குத் தண்ணீர் இல்லை.

"ஏங்க, மறுபடியும் போன் பண்றாங்க, வண்டி கெளம்பிருச்சான்னு" என்று அண்ணி வாசலிலிருந்து சத்தம் போட்டார்கள். முதலாளி கேட்டில் கை வைத்துக்கொண்டு தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் அறை வாசலில் உங்கள் அம்மா நின்றிருந்தாள்.

ஆண்டவரே என்று கூப்பிட்டேன். கம்பியை உள்ளே போட்டுவிட்டு, பின்னால் போய், சக்கரத்துக்கு அண்டையில் போட்டிருந்த பனங்கட்டையை இழுத்து ஓரமாகப் போட்டேன்.

"கட்டைய எடுத்துட்டான்டா" என்று ஒருத்தன் மெதுவாகச் சொன்னது கேட்டது.

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினேன். பழம் முன்னால் இருக்கிறது. முன்னால் போகாமல் முதலில் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் இடம் கிடைத்தால் ஸ்டியரிங்கை ஒடித்து, ஒரு பழம் வண்டியின் வயிற்றுக்கடியிலும் இன்னொரு பழம் சக்கரத்துக்கு வெளியிலும் தங்குகிற மாதிரி எடுத்துவிடலாம். ரோட்டில் கல் கிடந்தால் அப்படித்தான் எடுப்போம். ஆனால் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது? ஒரு ஆள் நீளம் இருக்கலாம். அதற்கப்புறம் கிணறு. கண்ணாடியில் பார்த்தால் இருட்டுதான் தெரிந்தது. தொட்டி நிறையத் தண்ணீர். பாரம் பின்னால் இழுக்க ஆரம்பித்தால் பிரேக் நிற்குமோ நிற்காதோ.

ரிவர்ஸ் போட்டுக் காத்திருந்தேன். யாராவது "வா" சொல்லுவார்கள் என்று காத்திருந்தேன். அத்தனை வருஷத்தில் அந்தக் குரல் இல்லாமல் ஒரு அடிகூட வண்டியைப் பின்னால் எடுத்ததில்லை. எடுக்க விட்டதும் இல்லை. அன்றைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. உதடு கிழிந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

கிளச்சை விட்டேன். வண்டி ஒரு சாண் நகர்ந்தது. நிறுத்தினேன். தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு சாண். உள்ளே தண்ணீர் பின்பக்கம் போய் மோதுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் நிறுத்தினேன். பின்னால் குட்டி மண்ணாங்கட்டிகள் உருண்டு கிணற்றில் விழுவது போலக் கேட்டது. நிஜமாகவே விழுந்ததா, என் பயமா என்று தெரியாது. ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. இதற்கு மேல் ஒரு அடி பின்னால் போனால் வண்டியும் போகும், நானும் போவேன். போகாவிட்டால் வளைக்க இடம் போதாது.

"வா."

குரல் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"வா… வா… ஒடிக்காத, நேரா வா… இன்னும் ஒரு சாண் வா… வா… போதும்! நிறுத்துடா!"

தொட்டியில் ஓங்கி ஒரு தட்டு. அந்தக் கனத்த கை எனக்குத் தெரியும், அண்ணாவுடையது.

முதல் கியரைப் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடித்து, அப்புறம் நேராக்கி மெல்ல எடுத்தேன். எதுவும் நசுங்கின சத்தம் கேட்கவில்லை. மோட்டார் ரூமைத் தாண்டும்போது யாரையும் பார்க்கவில்லை. மண் ரோட்டைப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரித் தொட்டியில் தண்ணீர் இறங்குகிற வரை லாரிப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆயா வந்து, "நல்ல நேரத்துல வந்தப்பா" என்று சொல்லிவிட்டு வாளியோடு போனாள்.

திரும்பி வந்தபோது கிணற்றடியில் கூட்டம் இல்லை. பல்பு மட்டும் எரிந்தது. முதலாளி அந்தப் பனங்கட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் தரையில் இரண்டு பழமும் வைத்தது வைத்தபடி கிடந்தன. பக்கத்தில் என் டயர் தடம் வளைந்து போயிருந்தது. வண்டியைத் தள்ளியே நிறுத்திவிட்டு இறங்கினேன்.

"நான்தான்டா வெக்க சொன்னேன்" என்றார். "அவன் இல்ல. பேப்பர் போட்டு மூட சொன்னதும் நான்தான்."

நான் வண்டிக் கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே போனேன்.

"உனக்குத் தெரியாம ஏத்திட்டா உன் மேல குத்தம் இல்லல்ல? உன் சாமியும் கம்முனு இருக்கும், என் சாமியும் கம்முனு இருக்கும். நீயும் வண்டில ஏறிக்குவ. புள்ளத்தாச்சிய வெச்சிகினு எங்க போவன்னு நெனச்சிதான் செஞ்சேன். நீ எதுக்குடா சக்கரத்தத் தட்டிப் பாத்த?"

"நீங்கதான அண்ணா சொன்னீங்க, தட்டிப் பாக்காம எடுத்தா கைய ஒடிச்சிருவேன்னு."

அவர் என்னையே பார்த்தார். சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒரு சத்தம் அவர் மூக்கிலிருந்து வந்தது.

"சரி, பாத்துட்ட. கையால எடுத்துப் போட்டுட்டுப் போயிருக்கலாம்ல? எதுக்கு என் வண்டிய கெணத்துப் பக்கம் வுட்ட?"

"அது உங்க பழம் அண்ணா. நான் எடுத்து எறிஞ்சா உங்க மனசு கஷ்டப்படும். நசுக்கினா என்னுது கஷ்டப்படும்."

அவர் கையை நீட்டினார். "சாவிய குடு."

கொடுத்தேன். முடிந்தது என்று நினைத்தேன். "ரூம் சாவி வூட்ல இருக்கு அண்ணா, எடுத்துகினு வரேன்" என்றேன்.

"அத யார்ரா கேட்டா?"

எழுந்து போய், முக்கி முனகி என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அவர் ஸ்டியரிங் பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஸ்டார்ட் பண்ணினார், வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடியும் பண்ணினார். பழத்தை நோக்கி வந்து, ஒன்றை நசுக்கினார், இன்னொன்றை விட்டுவிட்டார். அவருக்கே தெரிந்துவிட்டது. ரிவர்ஸ் போட்டார். நான் ஓடிப்போய்ப் பின்னால் நின்றேன்.

"வாங்கண்ணா… வாங்க… வாங்க… ஒடிக்காதீங்க… போதும், போதும்!" தொட்டியில் தட்டினேன். காலித் தொட்டி அண்டா மாதிரி அதிர்ந்தது.

இரண்டாவது தடவை பழம் நசுங்கியது. அண்ணி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதலாளி இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சாவியை என் கையில் போட்டார்.

"காலைல மொத லோடு செம்பாக்கம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அறைக்குப் போனேன். உங்கள் அம்மா சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "கெணத்துக்குள்ள போயிருந்தா?" என்று மட்டும், சோறு போடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவள் சபைக்கு வந்தது அதற்கப்புறம் ரொம்ப நாள் கழித்து, நீ பிறந்து தவழ ஆரம்பித்த பிறகுதான். அந்த ராத்திரி ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. அடிக்குழாயில் அவள் கடைசியாகத்தான் தண்ணீர் பிடித்தாள். மற்ற டிரைவர் என்னோடு சரியாகப் பேசினதே இல்லை. நான் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வந்து "வா" சொல்லுவான், அவ்வளவுதான். அல்லேலூயா என்ற பெயரும் கடைசிவரை போகவில்லை.

ஆனால் நான் அங்கே இருந்த அத்தனை வருஷமும், அமாவாசை வந்தால் முதலாளியே என் வண்டியில் ஏறி உட்காருவார். ஒரு தடவைகூட முதல் முயற்சியில் இரண்டு பழத்தையும் நசுக்கினது கிடையாது. பின்னால் எடுக்கும்போது நான்தான் குரல் கொடுப்பேன்.

இப்போது ரோட்டில் எலுமிச்சம்பழத்தைப் பார்த்து நான் ஏன் சுற்றிப் போகிறேன் என்று கேட்டீர்கள். அது யாரோ ஒருத்தர் நம்பி வைத்த பழம். அதை மிதிக்காமல், குனிந்து கும்பிடாமல், பக்கத்தில் நடந்து போக எனக்கு இடம் இருக்கிறது. நீங்களும் படித்து முடித்து எங்கேயாவது வேலைக்குப் போவீர்கள். அங்கேயும் யாராவது சின்னதாக ஒன்றை முன்னால் வைத்து, இவ்வளவுதானே என்பார்கள். அப்போது முதலில் கீழே குனிந்து பாருங்கள். வண்டியை அப்புறம் எடுக்கலாம்.